சால்மோனெல்லா வந்த பண்ணை: கோழியை ஒழிப்பதா, ஊசி போடுவதா, எலியைத் துரத்துவதா?

பண்ணையில் எடுத்த மாதிரியில் சால்மோனெல்லா இருக்கிறது என்று ஆய்வக முடிவு வந்ததும், பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன மருந்து போடலாம்?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தச் சால்மோனெல்லா? அந்த ஒரு வரி பதில் தெரியாமல் செலவு செய்கிறவர்கள் பாதிப் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

சால்மோனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட செரோவகைகள் இருக்கின்றன. கிருமியின் மேலுறையையும், அது நீந்தப் பயன்படுத்தும் கசையிழையையும் வைத்துப் பிரித்த வகைகள் இவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு. கேலினாரம், புல்லோரம் இரண்டும் கோழிகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும். மனிதரை ஏறக்குறைய விட்டுவிடும். டப்ளின் மாட்டை விரும்புவது. அபூர்வமாக மனிதருக்கு வந்தால் கடுமையாக வரும். கொலரேசூயிஸ் பன்றிக்கு உரியது. என்டெரிட்டிடிஸும் டைஃபிமூரியமும் யாரையும் விடாதவை. இதில் என்டெரிட்டிடிஸின் தந்திரம் தனி. வளர்ந்த முட்டைக்கோழி நன்றாகத் தின்னும், முட்டையிடும், ஒரு நோய்க்குறியும் காட்டாது. கிருமியோ சூலகத்திலும் முட்டைக்குழாயிலும் உட்கார்ந்துகொண்டு, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். கறிக்கோழிக் கொட்டகைகளில் பல ஆண்டுகளாகக் காலூன்றி வருவது இன்ஃபான்டிஸ்.

பண்ணையாளர் முன்னால் இருக்கும் வழிகளை வரிசையாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் தரப்போவதில்லை. சிலவற்றுக்கு இரண்டு பத்தி போதும்.

சோதித்து, ஒழித்தல்

பழைய வழி இது. அமெரிக்காவில் 1935-இல் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியதே புல்லோரத்தை ஒழிக்கத்தான். தாய்க்கோழியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து, சாயமேற்றிய ஆன்டிஜெனோடு (கொன்ற கிருமி கலந்த திரவத்தோடு) தட்டில் கலந்தால், நோயுள்ள கோழியின் ரத்தம் சில நிமிடங்களில் திரிதிரியாகக் கட்டும். கட்டினால் அந்தக் கோழியை நீக்க வேண்டும். சில பத்தாண்டுகளில் வணிகப் பண்ணைகளிலிருந்து புல்லோரமும் கேலினாரமும் ஏறக்குறைய மறைந்தன. இது ஏன் பலித்தது என்பதை கவனிக்க வேண்டும். இந்த இரண்டு வகைகளுக்கும் கோழியை விட்டால் ஒளிந்துகொள்ள வேறு பெரிய இடமில்லை. கிருமியைச் சுமக்கும் கோழியைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால், முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் சங்கிலி அறுந்துவிடும்.

சுவீடன் இதையே எல்லா வகைகளுக்கும் விரித்தது. 1953-இல் ஆல்வெஸ்டா இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய டைஃபிமூரியத்தால் சுமார் 9,000 பேர் நோயுற்று, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அதன் பின் 1961 முதல் அரசு அமைத்த கட்டுப்பாட்டில் எந்த வகை சால்மோனெல்லா தென்பட்டாலும் நடவடிக்கை உண்டு. கறிக்கோழிக் கூட்டமென்றால் மொத்தமாக அழிப்பு. அங்கே இன்றைக்கும் தொற்று மிகக் குறைவு. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் தீவன ஆலைக் கண்காணிப்பு, நஷ்டஈடு, சுத்தமான தாய்க்கோழி என்று முழு அமைப்பே நிற்கிறது. அதெல்லாம் இல்லாத இடத்தில் அழிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், கோழி போகும், எலி இருக்கும். புதுக் குஞ்சுகள் இறங்கிய சில வாரங்களில் அதே செரோவகை மறுபடி முடிவில் வரும்.

என்டெரிட்டிடிஸில் தனித்தனிக் கோழியைச் சோதித்து நீக்குவதும் உதவாது. அது விட்டுவிட்டுத்தான் எச்சத்தில் வெளிவரும். இன்று சுத்தம் என்று வந்த கோழி அடுத்த வாரம் கிருமியைக் கொட்டும். முட்டையிலும் அப்படித்தான்: அமெரிக்காவில் போடப்பட்ட ஒரு மதிப்பீடு, 20,000 முட்டைக்கு ஒன்றில்தான் கிருமி இருக்கும் என்றது. முட்டையை உடைத்துப் பார்த்து முடிவெடுக்க நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை யோசிக்கலாம்.

இடையில் ஒரு விஷயம். கேலினாரமும் என்டெரிட்டிடிஸும் மேலுறையில் ஓ-9 என்ற ஒரே அடையாளத்தைப் பகிர்கின்றன. முதலாவதை ஒழித்ததால் மந்தைகளில் அந்த அடையாளத்துக்கு எதிரான எதிர்ப்பு தேய்ந்தது, அந்த வெற்றிடத்தில்தான் 1980-களில் என்டெரிட்டிடிஸ் புகுந்தது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நிரூபணமான முடிவில்லை, கருதுகோள்தான். ஆனாலும் காலக்கோடு யோசிக்க வைக்கிறது.

என் தீர்ப்பு: தாய்க்கோழிப் பண்ணை என்றால் ஒழிப்பதுதான் சரி, பேச்சுக்கே இடமில்லை. ஒரு தாய்க்கோழிக் கூட்டத்தின் குஞ்சுகள் எத்தனையோ பண்ணைகளுக்குப் போகின்றன. உலகம் முழுக்கச் சேகரித்த என்டெரிட்டிடிஸ் கிருமிகளின் முழு மரபணுத் தொடரை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, ஒரு சில இடங்களில் குவிந்திருக்கும் இனவிருத்திக் கோழிகளின் சர்வதேச வணிகமே அது கண்டம் தாண்டிப் பரவிய வழி என்று காட்டியது. வணிக முட்டைப் பண்ணையில், கொட்டகையைச் சுத்தம் செய்யத் திட்டம் இல்லாதவரை, ஒழிப்பு வெறும் செலவு.

தடுப்பூசி: உயிருள்ளதா, கொன்றதா?

முட்டைப் பண்ணைக்கு நான் அதிக மதிப்பெண் தரும் வழி இதுதான், ஆனால் நிபந்தனையோடு. பிரிட்டனில் 1980-களின் இறுதியில் முட்டையும் சால்மோனெல்லாவும் அரசியல் புயலாகவே வெடித்தன; 1988 டிசம்பரில் இளநிலை சுகாதார அமைச்சர் எட்வினா கர்ரி பேசிய ஒரு வாக்கியத்தால் முட்டை விற்பனை சரிந்து, அவர் பதவியும் போனது. நிலைமை மாறியது 1990-களின் பிற்பகுதியில், முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி பரவலான பிறகு. சிங்க முத்திரை போட்ட முட்டைத் திட்டம் 1998-இல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மனிதரில் என்டெரிட்டிடிஸ் தொற்று வேகமாக இறங்கியது. 2017-இல் அந்நாட்டு உணவுத் தர முகமை, அந்த முத்திரை உள்ள முட்டைகளைக் கர்ப்பிணிகளும் முதியோரும் அரைவேக்காடாகக்கூடச் சாப்பிடலாம் என்று தன் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியமும், முட்டைக்கோழிக் கூட்டங்களில் பாதிப்பு 10 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளுக்கு 2008 முதல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது.

அந்தப் புகழ் முழுவதும் ஊசிக்கு மட்டும் சேராது. அதே திட்டத்தில் எலிக் கட்டுப்பாடு, கொட்டகைச் சுத்தம், தொடர் சோதனை எல்லாம் இருந்தன. ஊசி போட்டுவிட்டு மற்றதை விட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்காது.

எது போடுவது? உயிருள்ள, வீரியம் குறைத்த தடுப்பு மருந்து குடிநீரில் கலந்து கொடுப்பது. முதல் நாளிலேயே தொடங்கலாம். பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒன்று, முட்டையிடத் தொடங்கும் முன் ஒன்று என்று மொத்தம் மூன்று தவணை வழக்கம். குடல் சுவரிலேயே எதிர்ப்பை எழுப்பும், செல்வழி எதிர்ப்பையும் (ரத்த வெள்ளணுக்கள் நேரடியாகப் போராடுவதையும்) தூண்டும், கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை. குறை எங்கே என்றால் குழாயில். தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து கோழியின் வாய்க்குப் போகும் முன்பே செத்துவிடும். குழாயில் வழுக்குப் படலம் இருந்தாலும் இதே கதை. கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து குளோரினை மட்டுப்படுத்தி, கோழிக்குக் கொஞ்சம் தாகமெடுக்க விட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குடித்து முடியுமாறு கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் கோழிக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால், தடுப்பு மருந்தில் இருக்கும் கிருமியையும் அதுவே கொன்றுவிடும். ‘ஊசி போட்டோம், பிடிக்கவில்லை’ என்று சொல்லும் பண்ணைகளில் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீர், ஆன்டிபயாடிக் என்ற இந்த இரண்டைத்தான்.

கொன்ற கிருமியில் செய்தது எண்ணெய்க் குழம்பாக வரும். ஒவ்வொரு கோழியையும் பிடித்து ஊசி குத்த வேண்டும். கூலி கூடும், கோழிக்கும் சிரமம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நன்றாக ஏறும். தாய்க்கோழியாக இருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். குடலில் அதன் வேலை பலவீனம். ஆகவே தாய்க்கோழிக்கு முதலில் உயிருள்ளது, பிறகு கொன்றது என்று இரண்டையும் கோத்துப் போடுவது நல்ல முறை. முட்டைக்கோழிக்கு உயிருள்ள மூன்று தவணையை ஒழுங்காகச் செய்தாலே பெரும்பாலும் போதும்.

கேலினாரம் நடமாடும் இடங்களில் 9ஆர் என்ற பழைய தடுப்பூசி ஒன்று உண்டு. 1956-இல் பிரிட்டனின் எச். வில்லியம்ஸ் ஸ்மித் உருவாக்கியது. ஓ-9 ஒற்றுமையால் என்டெரிட்டிடிஸுக்கு எதிராகவும் ஓரளவு பயன் தரும். ஆனால் சின்னக் குஞ்சுக்கு ஆகாது. நலிந்த கூட்டத்தில் அதுவே ஈரலில் புண்ணை உண்டாக்கியதாகவும் பதிவுகள் உண்டு.

எல்லா ஊசிக்கும் பொதுவான எல்லை ஒன்று: மேலுறை அடையாளத்தை வைத்துச் செரோவகைகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள்; ஊசி எந்தக் குழுவுக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் குழுவைத்தான் நன்றாகத் தடுக்கும். என்டெரிட்டிடிஸ் டி குழு, டைஃபிமூரியம் பி குழு, இன்ஃபான்டிஸ் சி குழு. முடிவில் இன்ஃபான்டிஸ் வந்திருக்க, கையில் கிடைத்தது என்று என்டெரிட்டிடிஸ் ஊசியைப் போட்டால் ஆறுதல்தான் மிஞ்சும். அப்புறம், தடுப்பூசி தொற்றின் அளவையும் கிருமி வெளிவருவதையும் குறைக்கும், முழுவதும் நிறுத்தாது. கறிக்கோழியோ ஐந்தாறு வாரத்தில் வெளியே போய்விடுகிறது. எதிர்ப்பு எழும் முன்பே அதன் வாழ்நாள் முடிந்துவிடும், ஆகவே அதற்கு ஊசியில் பெரிய லாபம் இல்லை. அதன் தாய்க்குப் போடுவதில்தான் பொருள் இருக்கிறது.

ஆன்டிபயாடிக்

வேண்டாம். நோயில் துவளும் கன்றைக் காப்பாற்ற மருத்துவர் கொடுப்பது வேறு. பண்ணையிலிருந்து சால்மோனெல்லாவை விரட்ட என்று கொடுப்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இன் விதி ஒன்றில் கோழிகளில் சால்மோனெல்லா கட்டுப்பாட்டுக்கான வழியாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்லிவிட்டது. மருந்து ஓடும் நாட்களில் எச்சத்தில் கிருமி மறையும், நிறுத்தியதும் திரும்பும். இடையில் நல்ல குடல் கிருமிகள் செத்திருக்கும்.

விலை என்ன என்பதற்குக் கனடாவின் கியூபெக் நல்ல பாடம். பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற மருந்தைச் செலுத்தும் வழக்கம் இருந்தது. கோழியிலும் மனிதரிலும் ஹைடல்பர்க் வகை சால்மோனெல்லா அந்த மருந்துக் குடும்பத்துக்கு அடங்காமல் போனது. 2005-இல் பொரிப்பகங்கள் தாமாக நிறுத்தியதும் இரண்டிலும் அந்த எதிர்ப்புத்திறன் சரிந்தது. 2007-இல் ஓரளவு மீண்டும் தொடங்கியதும் மறுபடி ஏறியது. காரணமும் விளைவும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் சந்தர்ப்பம் அரிது. இன்ஃபான்டிஸின் புதிய வரிசைகள் பல மருந்துகளுக்கு எதிரான மரபணுக்களை ஒரே பிளாஸ்மிடில் (கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) மூட்டை கட்டிச் சுமக்கின்றன. அவற்றில் ஒரு மருந்தைக் கொடுத்தால், மற்ற எல்லாவற்றுக்குமான எதிர்ப்புத்திறனையும் சேர்த்தே வளர்க்கிறோம்.

நல்ல கிருமியை முந்தவிடுதல்

பொரித்த அன்றைய குஞ்சுக்குப் பத்துக்கும் குறைவான சால்மோனெல்லா போதும், குடலைப் பிடித்துக்கொள்ள. ஒன்றிரண்டு வாரம் வளர்ந்தபின் பல ஆயிரம் மடங்கு தேவைப்படும். இடையில் என்ன மாறியது? குடலில் இடம் நிரம்பிவிட்டது. காலியான பேருந்தில் எந்த இருக்கையிலும் உட்காரலாம். நெரிசலில் ஏறவே முடியாது. 1971-இல் பின்லாந்தின் கறிக்கோழிகளில் இன்ஃபான்டிஸ் வெடித்தபோது, நூர்மி, ரன்தாலா என்ற இருவர் வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளைப் புதுக் குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்து, 1973-இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கையில் தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுக்குத் தானாகக் கிடைப்பதை, பொரிப்புப் பெட்டியில் பிறந்த குஞ்சுக்கு நாம் கையால் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

கறிக்கோழிக்கு ஊசியை விட இது பொருத்தம். ஆனால் பொரிப்பகத்திலேயே தெளித்துவிட வேண்டும். தொற்றோடு வந்த குஞ்சுக்குப் பின்னால் கொடுத்துப் பயனில்லை. கடையில் கிடைக்கும் ஒற்றைக் கிருமி புரோபயாடிக் பொட்டலமும் இதுவும் ஒன்றல்ல. நூர்மி முறையின் பலமே அது பலவகைக் கிருமிகளின் கலவை என்பதில்தான்.

தீவனம்

தீவனத்தில் வரும் கிருமி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அகோனா வகை சாட்சி. பெருவிலிருந்து போன மீன்தூள் வழியாக 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் என்று வெவ்வேறு நாடுகளின் கோழிகளில் ஒரே காலத்தில் ஏறி, மனிதரில் அதிகம் காணும் வகைகளில் ஒன்றாக மாறியது.

குச்சித் தீவனமாக்கும்போது 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கிருமி பெரும்பாலும் சாகும். ஆனால் குளிரூட்டும் பகுதியில் நீர் வியர்த்து, தூசி படிந்து, அங்கேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். சூடு ஆலை வாசலோடு நின்றுவிடும். ஃபார்மிக், புரோபியானிக் போன்ற அமிலங்கள் தீவனத் தொட்டி வரை காவல் வரும். ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. ஃபார்மால்டிஹைட் மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் தொழிலாளர் நலனை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தீவனத்தில் அதற்கு அனுமதி மறுத்தது.

பன்றியில் கதை தலைகீழ். சூடாக்கிய குச்சித் தீவனத்தைவிட, கரடுமுரடாக அரைத்த மாவுத் தீவனம் தின்னும் பன்றிகளில் சால்மோனெல்லா குறைவு என்று டென்மார்க் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டன. கரடான தீவனம் இரைப்பையில் அதிக நேரம் தங்கி, அமிலமும் நொதித்தலும் கூடுவதுதான் காரணம். ஆகவே தீவனம் ‘சுத்தமா’ என்பதோடு, அது வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

எலியும் கொட்டகையும்

விளம்பரத்தில் வராத வழி இதுதான். பணம் குறைவு, உழைப்பு அதிகம். என்டெரிட்டிடிஸ் உள்ள பண்ணைகளில் அமெரிக்காவில் பிடித்த சுண்டெலிகளைச் சோதித்தபோது, ஒரே புழுக்கையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கிருமி இருந்த எலி கிடைத்தது. கோழி கிருமியை எலிக்குத் தருகிறது, எலி தன் குடலில் பெருக்கித் தீவனத் தொட்டியில் திருப்பித் தருகிறது. பழைய கூட்டம் போய்ப் புதுக் கூட்டம் வரும் இடைவெளியைப் பாலம் போட்டுக் கடக்க வைப்பது இந்தச் சுண்டெலிதான். கறிக்கோழிக் கூளத்தில் அந்த வேலையைக் கருநிறச் சிறு வண்டு ஒன்று செய்கிறது. அதன் புழு மர இடுக்கிலும் மண்ணிலும் ஒளிந்து, கூளத்தை அள்ளிய பின்னும் உயிரோடு இருக்கும். காய்ந்த தூசியிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா மாதக்கணக்கில், சில நேரம் ஓர் ஆண்டுக்கு மேலும் தாங்கும்.

ஆகவே வரிசை முக்கியம். கோழி வெளியேறிய அன்றே, தீவனம் தீர்ந்து எலி பசியில் அலையும்போது நஞ்சுக் கண்ணி வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வைத்தால் எலி பக்கத்துக் கொட்டகைக்குக் குடிபோயிருக்கும். பிறகு உலர்ந்த நிலையிலேயே கூளமும் தூசியும் அள்ள வேண்டும். அதன் பின்தான் கழுவுவது. முழுக்கக் காயவிட்டுப் பிறகு கிருமிநாசினி. காயாமல் ஈரத்தோடு விட்டால், கழுவியதே கிருமியை எல்லா மூலைக்கும் பரப்பி வளர்த்துவிடும். எச்சம் ஒட்டிய பரப்பில் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

எல்லா வயதுக் கோழியும் ஒரே வளாகத்தில் இருக்கும் பண்ணையில் இதைச் செய்வது மிகக் கடினம். கொட்டகை ஒன்று காலியாகும்போது பக்கத்தில் நான்கு நிரம்பியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில்தான் தடுப்பூசி தவிர்க்க முடியாததாகிறது.

சரி, எதைத் தேர்வது?

முட்டைப் பண்ணையில் என்டெரிட்டிடிஸ் என்றால்: குஞ்சு வாங்கிய பொரிப்பகத்திடம் தாய்க்கூட்டத்தின் சோதனை முடிவைக் கேளுங்கள்; எலிக்கு உடனே செலவு செய்யுங்கள்; அடுத்த கூட்டத்திலிருந்து உயிருள்ள தடுப்பு மருந்து. இருக்கும் கூட்டத்தின் முட்டையைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஆலைக்குத் திருப்ப முடிந்தால், அவசர அழிப்பு தேவையில்லை. இறகுதிர்ப்புக்காகப் பட்டினி போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பட்டினியில் கோழி கிருமியைப் பல மடங்கு கொட்டும்.

கேலினாரம் என்றால் பரிசோதனையும் நீக்கமும் முதலில், 9ஆர் அதற்குத் துணை. கறிக்கோழியில் இன்ஃபான்டிஸ் என்றால் ஊசியை மறந்துவிட்டு, கொட்டகைத் தரை, வண்டு, கூட்டங்களுக்கு இடையிலான ஓய்வு நாட்கள், பொரிப்பகத்தில் குடல் கிருமிக் கலவை. தரை விரிசல் விட்டிருந்தால் முதலில் அதைப் பூசுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

மாட்டில் டப்ளின் என்றால் கணக்கே வேறு. தேறிய கன்று சில சமயம் வாழ்நாள் முழுக்கச் சுமப்பானாகி, நலமாகத் தெரிந்துகொண்டே பாலிலும் சாணத்திலும் விட்டுவிட்டுக் கிருமியை வெளியேற்றும். கன்று ஈனும் சமயத்தில் இது கூடும். டென்மார்க் 2002 முதல் தொட்டிப் பாலில் எதிர்ப்புப் பொருளைச் சோதித்தே தன் பால் பண்ணைகளைத் தரம்பிரித்து வருகிறது. அங்கே பெரிய பலன் தந்தவை எளிய பழக்கங்கள்: வெளியிலிருந்து மாடு வாங்குவதைக் குறைப்பது, ஈனும் இடத்தை ஒவ்வொரு முறையும் சுத்தமாக்குவது, கன்றைச் சீக்கிரம் பிரித்துத் தனிக் கூண்டில் வைப்பது.

எதைத் தேர்ந்தாலும், அது பலித்ததா என்று பார்க்கும் சோதனையில் ஏமாற வழிகள் உண்டு. கிருமிநாசினி தெளித்த மறுநாளே எடுத்த மாதிரியில், அந்த மருந்தின் மிச்சமே ஆய்வகத் தட்டில் கிருமியை வளரவிடாது. அமிலம் கலந்த தீவனத்திலும் அப்படித்தான். உயிருள்ள தடுப்பு மருந்து கொடுத்த கூட்டத்தில் சில வாரங்களுக்கு அந்தத் தடுப்புக் கிருமியே எச்சத்தில் கிடைக்கலாம். அதைப் பிரித்தறியச் சொல்லி ஆய்வகத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். மாதிரியை எங்கே எடுப்பது என்பதும் பாதி விடையைத் தீர்மானிக்கும். கண்ணுக்குத் தெரியும் தரையைவிட, தீவனச் சங்கிலி திரும்பும் முனை, காற்றாடிச் சட்டம், முட்டைப் பட்டையின் அடிப்பக்கம், கொட்டகையின் முன்னறை ஆகிய இடங்களில் ஈரத்துணியால் துடைத்து அனுப்புங்கள். கோழி இருக்கும்போது என்றால், காலுறை மாட்டிக்கொண்டு கொட்டகை முழுக்க நடந்து, அந்தக் காலுறையையே அனுப்பினால் போதும்.